ஆடாத பல்

"...ஆட்டிப் பாருங்கண்ணே. ஆடலன்னா அது எங்கப்பாதான். ஆடிச்சுன்னா குழிய மூடிடச் சொல்றேன்," என்று தங்கச்சி கையிலிருந்த துவாலையை என் பக்கம் நீட்டினாள்.

துவாலைக்குள் ஒரு மனிதருடைய கீழ்த்தாடை இருந்தது.

நான் ஆட்டோவிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தேன். தலைக்கு மேலே கூம்பு ஸ்பீக்கரில் என் குரல், அவளுடைய அம்மா காலமான செய்தியை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. "செட்ட நிறுத்துங்கண்ணே" என்றாள். நிறுத்தினேன். நிறுத்தியதும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் வந்து இறங்கிய அமைதியை இன்னும் நான் மறக்கவில்லை. உச்சி வெயில். ஒரு காக்காய் கூடக் கத்தவில்லை. மார்பளவு குழிக்குள் நின்றிருந்தவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். சுவரோரம் இருந்த கையளவு நிழலில் உபதேசியார் நின்றார். கோயிலில் ஃபாதருக்கு அடுத்தபடி எல்லா வேலையும் பார்க்கிறவர் அவர். அவர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, தொழிலில் கிடைத்த தங்கச்சி. எனக்கு ஊர் விழுப்புரம். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு அறிவிப்பு சொல்கிற வேலை. கடை திறப்பு, திருவிழா, கண் பரிசோதனை முகாம், துக்கச் செய்தி, எதுவாக இருந்தாலும் நானே எழுதி நானே பேசிப் பதிவு பண்ணி, திண்டிவனம் வரைக்கும் ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களில் சுற்றி வருவேன். என் முகம் தெரியாதவர்களுக்கும் என் குரல் தெரியும். ஒருமுறை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் டீ சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா திடுக்கிட்டுத் திரும்பி, "நீதானா அது? உன் குரலக் கேட்டாலே இன்னிக்கு யாரோன்னு வயித்தக் கலக்குதுப்பா" என்றார். மனுஷர்கள் சொல்கிற இந்த மாதிரி வார்த்தைகளை நான் கீழே சிந்த விடுவதில்லை. இதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தங்கச்சியின் ஊர் திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து உள்ளே போகிற கிராமம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா இறந்தபோதும் நான்தான் ஊர்களுக்குச் சொன்னேன். இப்போது அம்மா. ஆனால் அந்தத் தாடையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டது அறிவிப்புக்காரன் என்பதற்காக இல்லை. என் வாயில் இருந்த ஒரு பல்லுக்காக. அதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

போன வருஷம் ஆட்டோ மேல் ஸ்பீக்கரைக் கட்டும்போது இரும்புப் பட்டை தெறித்து என் மேல்வரிசை முன்பல்லில் பட்டது. பல் அன்றைக்கே விழவில்லை. மெல்ல மெல்லக் கறுத்து, வேரில் சீழ் வைத்து, எடுக்க வேண்டியதாகிவிட்டது. மற்றவர்களுக்கு முன்பல் போனால் அழகு போகும். எனக்குப் பிழைப்பு போனது. நாக்கு போய் முட்ட வேண்டிய இடத்தில் சுவர் இல்லை, காற்று புஸ்ஸென்று போகிறது. மைக்கில் அது சைக்கிள் டியூப் இறங்குகிற மாதிரி கேட்டது. திண்டிவனம் என்கிற பெயரையே என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்றால் கையை நேராக நீட்டிக் காட்டுவேன். ஒரு கண்டக்டர், "நேரா போனா மெட்ராஸ் வரைக்கும் இருக்குது. நீ எங்கய்யா எறங்கற?" என்றார். பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன். பொத்திக்கொண்டு சிரித்தேன்.

திண்டிவனத்தில் ஒரு பல் டாக்டரம்மா. அவருடைய கிளினிக் திறப்பை ஊருக்குச் சொன்னதே நான்தான். அந்த உரிமையில் போய் உட்கார்ந்தேன். கழற்றி மாட்டுகிற பல் எனக்குச் சரிவராது, பேசும்போது எகிறும் என்று அவரே சொன்னார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன திருகாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சாம்பல் நிறம். மேலே மாவு பூசின மாதிரி ஒரு சொரசொரப்பு.

"இத எலும்புக்குள்ள வெச்சு மூடிடுவோம். சில மாசம் கழிச்சு மேல பல்லு."

"எலும்பு இத ஏத்துக்குமா டாக்டர்? இரும்பாச்சே."

"இரும்பு இல்லீங்க, டைட்டானியம். மேல இருக்குது பாருங்க பூச்சு, அது உங்க எலும்புல இருக்கற அதே சுண்ணாம்புச் சத்து. எலும்பு கிட்ட வந்து தொட்டுப் பாக்கும். நம்ம ஆளுன்னு நெனைச்சு மேல ஏறி வளரும். போகப் போகப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமா கரையும், அந்த இடத்துக்கும் எலும்பே வந்துடும்."

"அப்ப எலும்ப ஏமாத்தறோம்."

"ஏமாத்தலங்க. அறிமுகம் பண்ணி வெக்கறோம்," என்றார். அழகாகப் பேசுகிற டாக்டரிடம் வலி பாதிதான்.

ஆணி உள்ளே போனது. வலிக்கவில்லை, ஆனால் மண்டைக்குள் யாரோ மெதுவாக ஒரு கதவைத் திருகித் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். "ஆணி அடிச்சாவது இந்த வாய் மூடும்னு பாத்தேன். அதுக்கும் வழி இல்ல" என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா சொன்ன ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இப்போதைக்கு ஆணியை இறுக்கிக்கொண்டிருப்பது பழைய எலும்பாம். திருகி ஏற்றினதால் அது கசங்கிப் போயிருக்குமாம். உடம்பு அந்த எலும்பை முதலில் அரித்து எடுத்துவிடுமாம். அதற்குப் பிறகுதான் புது எலும்பு வருமாம்.

"நடுவுல கொஞ்ச நாள் பிடி விட்ட மாதிரி இருக்கும். பழசு போயிருக்கும், புதுசு முழுசா வந்திருக்காது. அந்த நாள்லதான் ஜாக்கிரதையா இருக்கணும். நாக்கால கூடத் தொடாதீங்க."

நாக்கிடம் ஒன்றைத் தொடாதே என்று சொன்னால் அதற்கு வேறு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது. என் தாடைக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறது, அது நோய் இல்லை, என் உடம்புதான். நான் வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, பக்கத்துப் பல்லால் பதனமாக மென்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடம் பேசிக்கொண்டு இருக்கிறேன். உள்ளே எனக்குத் தெரியாமல் ஒரு இடிப்பும் கட்டுமானமும் நடக்கிறது. மேஸ்திரியையும் காணோம், ஆட்களையும் காணோம், வேலை மட்டும் நடக்கிறது. ஆணி இருந்த இடத்தில் வலி இல்லை. சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. வாடகைக்கு வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும், அப்படி.

கழற்றி மாட்டுகிற ஒரு தற்காலிகப் பல்லை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன அறிவிப்புகளைப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தேன். பதிவு பண்ணும்போது தெருச் சத்தம் கேட்காமல் இருக்கப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்காருவது வழக்கம். ஒரு மத்தியான வேளை, ஒரு துக்கச் செய்தியைப் பேசி முடித்து, ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டேன். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே ஒரு சத்தம். டிக். ரொம்பச் சின்னது. நகத்தால் கூரை ஓட்டைத் தட்டின மாதிரி. மறுபடியும் பேசினேன். மறுபடியும் அது வந்தது. தற்காலிகப் பல்தான் தட்டுகிறது என்று அதைக் கழற்றி வைத்தேன். வாயை மூடிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், வெறும் அமைதியையே கொஞ்ச நேரம் பதிவு பண்ணிக் கேட்டேன்.

இருந்தது.

வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "சத்தம் ஒண்ணும் கேக்கலியே" என்றாள். கழற்றும்போது, "ஆனா யாரோ இருக்கற மாதிரி இருக்குது" என்றாள். அன்றைக்கு முழுக்க அவள் அந்த அறைப் பக்கம் வரவில்லை.

டாக்டரம்மா அதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கே தெரியாம உங்க நாக்குதான் தட்டுது என்றார். நாக்கை நான் பல்லால் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாசங்கள் போயின. கடைசியில் ஒரு நாள் ஈறைத் திறந்து பார்த்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கைப்பிடியைத் திருப்பிப் பிடித்து, முதலில் என் பக்கத்துப் பல்லைத் தட்டினார். தொப் என்றது, ஈரப் பானையைத் தட்டின மாதிரி. அப்புறம் ஆணியைத் தட்டினார். டிங். சத்தம் காது வழியாக வரவில்லை. தாடையில் கிளம்பி, கன்னத்து எலும்பில் ஏறி, இரண்டு கண்ணுக்கும் நடுவில் போய் நின்றது. உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டின மாதிரி இருந்தது எனக்கு.

"பிடிச்சிடுச்சு. கேட்டீங்களா, மணி மாதிரி. பிடிக்காததுன்னா இந்தச் சத்தம் வராது."

"எவ்ளோ நாளைக்கு இருக்கும் டாக்டர்?"

"நல்லா விளக்கினீங்கன்னா உங்களுக்கு அப்புறமும் இருக்கும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விடவில்லை, அதெப்படி என்றேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நம் சொந்தப் பல் எலும்போடு ஒட்டி இல்லையாம். நடுவில் மெல்லிய நார் நாராக ஒரு சவ்வு, அதில்தான் பல் ஊஞ்சல் மாதிரி தொங்குகிறதாம். அதனால்தான் கடிக்கும்போது நமக்குத் தெரிகிறது. செத்த பிறகு மண்ணுக்குள் அந்த நார் போய்விடும், பல் லொடலொடவென்று ஆடும், நிறையப் பல் தானாகவே கழன்று விழுந்துவிடும். கேப் போட்ட பல்லும் அப்படித்தான், உள்ளே இருப்பது சொந்தப் பல்தானே. "ஆனா இதுக்கு நடுவுல ஒண்ணும் கெடையாது. எலும்பே நேரா பிடிச்சிருக்குது. எலும்பு இருக்கற வரைக்கும் அது இருக்கும்."

இந்த மாதிரி ஒரு சமாச்சாரம் கிடைத்தால் நான் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா. புதுப் பல்லோடு முதல் முதலாகப் பேசினது தங்கச்சி ஊர் மாதா கோயில் திருவிழா அறிவிப்பு. தேர் பவனி வருகிற தெருக்களைச் சொல்லி முடித்துவிட்டு, கோயில் வாசலில் மோர் குடித்துக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தவள், "எங்கப்பாவுக்கும் அதாண்ணே. பாண்டிச்சேரில வெச்சோம். கீழ கடவாப்பல்லு. நான்தான் கூட்டிக்கினு போனேன்" என்றாள். அப்புறம், "செத்தாலும் ஆடாதா?" என்றாள். "ஆடாதாம்மா. டாக்டரே சொல்லிட்டாங்க" என்றேன். கதை சொன்ன சந்தோஷத்தில் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் அதை எதற்காகக் கேட்டாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் முக்கால்வாசி மண் கல்லறைகள். தலைமாட்டில் பேர் எழுதின ஒரு சிமெண்டுச் சிலுவை, அவ்வளவுதான். இடம் போதாது. அதனால் குடும்பத்தில் அடுத்தவர் இறந்தால் பழைய குழியையே திறந்து, இருக்கிற எலும்பைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, அங்கேயே அடக்கம் செய்வார்கள். புருஷன் குழியில் பெண்டாட்டி, தகப்பன் குழியில் மகன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கல்லறைத் திருநாளுக்கு முந்தி, உள்ளே வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடந்ததால் ஜேசிபியை விட்டுச் சுத்தம் செய்தார்கள். வண்டி ஓட வசதியாகச் சிலுவைகளையெல்லாம் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். வேலை முடிந்ததும் உபதேசியார் நின்று, இது இன்னார், இது இன்னார் என்று ஞாபகத்திலேயே சொல்லித் திரும்ப நட வைத்தார். நல்ல மனுஷர். ஊரில் ஞானஸ்நானம் யாருக்கு எப்போது நடந்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். ஆனால் அந்தத் திருநாளன்று மெழுகுவர்த்தியும் மாலையும் எடுத்துக்கொண்டு போன தங்கச்சி, அப்பா சிலுவைக்கு முன்னால் நின்றதும், இடம் மாறியிருக்கிறது என்று நினைத்தாள். வாசலிலிருந்து பார்த்தால் அப்பா இன்னும் கொஞ்சம் தள்ளித்தானே இருந்தார் என்று.

உபதேசியாரிடம் கேட்டாள். "நான் பொதைச்சவங்க எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். ஆனால் அவள் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அங்கேதான் வினை. அந்த அம்மா படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாசம் முழுக்க ஒரே பேச்சு. "என்ன அவருகூடத்தான் வெக்கணும். தெரியாத ஆம்பள பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வெச்சிடாதீங்கடி." சிரித்துக்கொண்டேதான் சொல்வாராம். சொல்லிவிட்டு மகளுடைய கையை விட மாட்டாராம்.

காலையில் தங்கச்சி எனக்குப் போன் பண்ணி அறிவிப்புக்கு விவரம் சொன்னாள். சாயங்காலம் பூசை, அதற்குப் பிறகு அடக்கம். வீட்டில் அம்மாவை ஃப்ரீசர் பெட்டியில் வைத்து, சுற்றி உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எழுந்து கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். குழி வெட்டுகிற இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. வந்து நின்றால் யார் போகச் சொல்வது.

இப்போது அந்தத் தாடை என் முன்னால் இருந்தது.

"அப்பா கையில செபமாலை வெச்சுப் பொதைச்சாங்களே, பாக்கலயா?" என்று குழிக்குள் நின்றவரைக் கேட்டேன். கொஞ்சம் நேரம் கடத்தலாம் என்றுதான்.

"செபமாலை இல்லாத கை எதுங்க இங்க? துணி மக்கிப் போச்சு. எலும்புல பேரா எழுதியிருக்குது," என்றார் அவர்.

"பல்லு இருக்குது இல்ல?" என்றாள் தங்கச்சி. "வெள்ளையா, பின்னாடி. பாருங்கண்ணே."

இருந்தது. ஆனால் உபதேசியார் சுவரோரத்திலிருந்து மெல்லச் சொன்னார். "அடுத்த சிலுவை மிலிட்டரிக்காரருதும்மா. அவரும் வாய் நெறைய கேப் போட்டிருந்தாரு. வெள்ளப் பல்ல மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு உறைத்தது. தான் நட்ட சிலுவை மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டிருந்தது.

"அதனாலதான் ஆட்டிப் பாருங்கன்னு சொல்றேன்," என்றாள் தங்கச்சி. "நீங்கதான சொன்னீங்க. கேப் போட்டது ஆடும், இது ஆடாதுன்னு. நானே பாத்துடுவேன். என் கை நடுங்குது. நடுக்கத்துல ஆடுதா, பல்லு ஆடுதான்னு தெரியல."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை. நான் மோர் குடித்துக்கொண்டே அதை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னது. அதன் மேல் ஒரு பெண்ணின் அம்மா எங்கே படுக்க வேண்டும் என்பது நின்றுகொண்டிருந்தது. ஆடினால் இது யாரோ. அப்பா எங்கே என்று இந்தத் தோட்டத்தில் எத்தனை குழியைத் திறப்பது. அதுவும் மற்றவர்கள் வீட்டுக் குழியை, சாயங்காலத்துக்குள்.

துவாலையோடு வாங்கினேன். காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி எடையே இல்லை. வெல்லப்பாகு நிறத்தில் எலும்பு. முன்பக்கம் பற்கள் இருந்த இடமெல்லாம் குழி குழியாகக் கிடந்தது, குழிக்குள் மண். பின்பக்கம் ஒரு ஓரம் பழுப்பேறின ஒரு சொந்தப் பல். இன்னொரு ஓரம் அந்த வெள்ளைப் பல். அத்தனை பழுப்புக்கு நடுவில், இன்றைக்குக் காலையில் விளக்கின மாதிரி அது பளிச்சென்று இருந்தது. மனுஷர் முழுக்கப் போய்விட்டார், அது மட்டும் இன்னும் ஏதோ கடிக்கக் காத்திருந்தது.

முதலில் பழுப்புப் பல்லைத் தொட்டேன். தொட்டதுதான். கையோடு வந்துவிட்டது. தங்கச்சி மூச்சை இழுத்தாள். "அது இல்லம்மா, அது சொந்தப் பல்லு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அந்தப் பல்லை அதன் குழிக்குள் திரும்ப வைத்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்கிற பழக்கம்.

அப்புறம் வெள்ளைப் பல்லை இரண்டு விரலால் பிடித்தேன். பக்கவாட்டில் தள்ளினேன். தாடையே என் கையில் திரும்பியது. தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பத் தள்ளினேன். முன்னும் பின்னும். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இல்லை. குனிந்து பார்த்தேன். ஈறு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கோடு. அந்தத் திருகாணியின் மரை மேல் எலும்பு ஏறிப் போயிருந்தது, சுவரில் கொடி பற்றுகிற மாதிரி. பல்லுக்குச் சொந்தக்காரர் போய் இத்தனை வருஷம் ஆகியும் அது பிடியை விடவில்லை.

இருந்தாலும் எனக்கு அது போதவில்லை. பாக்கெட்டிலிருந்து ஆட்டோ சாவியை எடுத்து, அதன் முனையால் அந்தப் பல்லைத் தட்டினேன்.

டிங்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தம் என் காதில் விழுவதற்கு முன்னால் என் தாடையில் விழுந்தது. மேல்வரிசையில், என்னுடைய ஆணி இருக்கிற இடத்தில். அங்கிருந்து கன்னத்தில் ஏறி, அதே வழியில், அதே இடத்தில் போய் நின்றது. நாக்கு தானாகப் போய் என் பல்லைத் தடவிப் பார்த்தது. குழிக்குள் நின்றவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆடலம்மா," என்றேன். "இது எலும்போட சேந்தது. அப்பாதான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் கையிலிருந்து தாடையை வாங்கி, தன் விரலால் ஒருமுறை, நான் தள்ளினதைவிடப் பலமாகத் தள்ளிப் பார்த்தாள். குழி மேட்டில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து மற்ற எலும்புகளை எடுத்து வைத்திருந்தார்கள். அதன் நடுவில் தாடையை வைத்து, நாலு முனையையும் சேர்த்து அவளே முடிச்சுப் போட்டாள்.

"குடும்மா, கால்மாட்டுல ஓரமா வெச்சிட்டு இன்னும் கொஞ்சம் அகலம் பண்ணிடறேன்," என்று குழிக்குள்ளிருந்து கை நீண்டது.

அவள் கொடுக்கவில்லை. மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா எடுத்துக்கினு போற?" என்று உபதேசியார் நிழலை விட்டு வெளியே வந்தார். "குழிலேருந்து எடுத்தத திரும்ப வூட்டுக்குள்ள கொண்டுபோற வழக்கம் யாருகிட்டயும் கெடையாதும்மா. ஃபாதருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அவள் திரும்பவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்தாள்.

"வூட்டுக்கு வுடுங்கண்ணே. சாயங்காலம் ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக்கினு வந்துடலாம்," என்று சொல்லிவிட்டு, மூட்டையின் மேல் வெயில் படாமல் முந்தானையை இழுத்துப் போட்டாள்.